பரிசலும் கைவலையும்

மீன் பிடித்தலைப் பற்றிக் கல்லூரி இதழில் எழுதுதல் ஏற்புடைத்தோ என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். மருதத்திணைப் பாட்டுக்களைப் பயில்வோர், பாணர் மீன் பிடித்தலையும் பொய்கையில் வாளை பிறழ்தலையும் காணாது கடத்தல் அரிது. சூதாடி அடையும் வெற்றியைத் தூண்டில் இரும்பினை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார் திருவள்ளுவரும். புலவர் வெறாத பொருள் மாணாக்கர்க்கு மட்டும் விலக்காதல் எங்ஙனம்? எனினும், யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது தூண்டிலன்று. தூண்டிலில் அகப்பட்ட மீனை நீரினின்று படகினுள் ஏற்றுதற்குரிய சிறு கருவியே. வளையம் ஒன்று, அதில் தொங்கும் வலைப்பை ஒன்று, கைப்பிடி ஒன்று ஆகிய மூன்றே அதன் உறுப்புக்கள். இக்கட்டுரையில் அதனைக் கைவலை என்றே வழங்குவோம். இத்துணை எளிய பொருளைத் தெரிந்தெடுத்தலில் என்ன அருமை உண்டென்று யாமும் ஒருகால் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென உணர்ந்த வரலாற்றை முதற்கண் கூறுவோம்.

சென்ற கோடை விடுமுறையில் மேட்டூருக்கு அணித்தாகிய ஒரு சிற்றூரில் எம் தாய்மாமனார் இல்லத்தில் தங்கியிருந்தோம். மேட்டூர் அணை 1925-ஆம் ஆண்டு தொடங்கி 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அதனால் தேங்கிய நீர்ப்பரப்பு, அக்காலத்துச் சென்னை ஆளுநர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்படும். அதன் முழு நீர்மட்டம் 120 அடி. காவிரிக்கு இயல்பாக உரிய கெளுத்தியும் வாளையும் விராலும் அதில் உண்டு. கங்கைப் புறத்தினின்று கொணர்ந்து விடப்பட்ட கட்லா, ரோகு, மிருகால் என்பனவும் உண்டு. ஆங்குள்ள மீனவர் பலர்க்குப் படகு என்பது பரிசலே. மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக்கு விரிப்பும் போர்த்துத் தார் பூசிச் செய்வது அது.

மாமாவிற்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், உரிமம் பெற்று அந்நீர்த்தேக்கத்தில் தொழில் செய்பவர். ஒரு மாலைப்பொழுது அவர் எம்மைத் தம் பரிசலில் ஏற்றிக்கொண்டார். அன்று அவரது விரிவலையில் யாதும் அகப்படவில்லை. அந்தி நெருங்க, தூண்டிற் கயிற்றில் பெரிய வாளை ஒன்று கொளுவிற்று. நகரத்துக் கடையொன்றில் யாம் வாங்கிச் சென்ற மடக்குக் கைவலை எம்மிடம் இருந்தது. மடித்தால் முழ நீளம், விரித்தால் ஆளுயரம். அதன் பளபளப்பில் எமக்குப் பெருமிதம் மிகுதி. "தம்பி, வலையை நீட்டுங்க" என்றார் பெரியவர். நீட்டினோம், மீனும் பையில் இறங்கிற்று. பிடியின் கோடியைப் பற்றியவாறே மேலே தூக்கினோம். வளையம் பிடியோடு கூடும் கழுத்தில் இருந்த மூட்டு, முறிந்தது. வளையம் கவிழ, வாளை புரண்டு கயிற்றையும் அறுத்துக்கொண்டு சென்றது. முறிந்த வலையை எட்டிப் பற்ற யாம் சாய்ந்தபோது பரிசலும் ஒருபுறம் சாய்ந்தது. பெரியவர் மறுபுறம் விரைந்து அமர்ந்திராவிடில் யாமும் மீனைத் தொடர்ந்திருப்போம்.

அவருடைய அன்றைய வருவாய் முழுதும் அம்மீனே. கரை சேர்ந்ததும் அதன் விலையை ஈடாகத் தர முயன்றோம். "பிடிக்காத மீனுக்கு நான் எப்படித் தம்பி காசு வாங்குவேன்? போகட்டும், அது ஆத்துக்குத்தானே போச்சு" என்று சொல்லித் துடுப்பைத் தோளில் சார்த்தி நடந்தார். அவர் சினந்திருப்பின் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். முறியாத கைவலை ஒன்றை அவரிடம் சேர்ப்பதே எம் கடன் என அன்றிரவு துணிந்தோம். அதன் பொருட்டு ஆராய்ந்து அறிந்தவற்றையே கீழே முறைப்படுத்துகின்றோம்.

முதலாவது, வலை ஏன் முறிந்தது என்பதை நோக்குவோம். நீரினுள் மீனின் எடையைப் பெரும்பாலும் நீரே தாங்குகின்றது. ஆதலின் மீன் பையில் இறங்கும்போது கைக்குச் சுமை தோன்றுவதில்லை. நீர்ப்பரப்பை விட்டு எழும் அக்கணத்திலேயே முழு எடையும், பையில் தங்கிய நீரின் எடையும் ஒருங்கே வலையின்மேல் விழுகின்றன. அவ்வேளை பிடியைக் கிடையாக நீட்டிப் பிடித்திருப்பின் அது நெம்புகோலாகிவிடுகின்றது. மூன்று கிலோ எடையுள்ள மீன் கையினின்று ஒரு மீட்டர் தொலைவில் தொங்கினால், கால் மீட்டர் தொலைவில் தொங்கும்போது உள்ளதைப்போல நான்கு மடங்கு வளைக்கும் விசை கையிடத்தே உண்டாகும். கழுத்து மூட்டும் அவ்விசையில் தன் பங்கைத் தாங்கியாக வேண்டும். அம்மூட்டோ மெல்லிய ஆணி ஒன்றால் இணைந்தது. பிடியை நேர்நிமிர்த்தி, வளையத்தைப் பற்றி மேல்நோக்கி இழுத்திருந்தால், வளைக்கும் விசை இன்றி இழுக்கும் விசை மட்டுமே இருந்திருக்கும். அதனைச் சிறிய மூட்டும் தாங்கும். ஆகவே அன்றைய பிழை வலையினது மட்டுமன்று, எமதும் ஆகும்.

இரண்டாவது, சுருக்கமும் உறுதியும் ஒருங்கே அமைதல் எங்ஙனம் என்பது. பரிசலில் இடம் குறைவு. இருவர் அமர்ந்து, வலையும் துடுப்பும் கூடையும் வைத்தபின் நீண்ட பிடியுள்ள கருவிக்கு இடமில்லை. அதனால் மடங்கும் வலையை நாடுகின்றோம். ஆனால் மடங்கும் இடமெல்லாம் மூட்டு. மூட்டுள்ள இடமெல்லாம் மெலிவு. கடைகளில் கிடைப்பன பெரும்பாலும் மூவகை. வளையமே இரண்டாக மடிந்து பிடியின்மேல் படிவது ஒருவகை. எமது முறிந்த வலை இவ்வினத்தது. எஃகுச் சுருள்போல் வளையத்தை முறுக்கிச் சிறிதாக்கிக்கொள்வது மற்றொரு வகை. இஃது இலேசானது, எனினும் கனத்த மீனுக்கு வளையம் கோணிவிடும். வளையம் மடங்காது நிற்க, பிடி மட்டும் வளையத்தினூடே பின்னோக்கி நழுவி அடங்குவது மூன்றாவது வகை. விசை மிகுந்து தங்கும் கழுத்தில் இதற்கு ஆணி மூட்டு இல்லை. வளையத்தின் அகலம் குறையாதாயினும், பிடியின் நீளம் அடங்கிவிடுவதால், பரிசலின் உட்சுவரில் சார்த்தி வைக்க இதுவே இசைவானது. சுருக்கவேண்டியது பிடியே அன்றி வளையம் அன்று என்பது எம் துணிபு.

நீண்டு குறுகும் பிடியாயின் அதனைப் பூட்டும் முறையையும் நோக்கல் வேண்டும். திருகி இறுக்கும் பூட்டு, மணலும் சேறும் புகுந்தால் பற்றாது நழுவும். துளையில் புகுந்து நிற்கும் பொத்தான் பூட்டு அத்துணை எளிதில் நழுவாது. பரிசலின் விளிம்பு நீருக்கு அணித்தாக இருத்தலின் மிக நீண்ட பிடி தேவையும் இல்லை. உட்கார்ந்தபடி நீரை எட்டும் அளவே போதும்.

மூன்றாவது, செய்பொருள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எஃகினது ஏறக்குறைய 7.85. ஆகவே ஒரே பருமனுள்ள அலுமினியக் குழல் எஃகுக் குழலின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். அதன் மேற்பரப்பில் தானே படியும் ஆக்சைடுப் படலம் நன்னீரில் அதனை அரியாது காக்கும். ஆனால் ஒருமுறை வளைந்த அலுமினியத்தை நிமிர்த்திப் பயன்படுத்தினால், வளைந்த இடத்திலேயே பின்னர் வெடிக்கும். குழலின் இருவாயும் நன்கு அடைக்கப்பட்டிருப்பின் நீரில் விழுந்தாலும் மிதக்க இடமுண்டு. இல்லையேல் பிடியில் தக்கை ஒன்றைக் கட்டுதல் நலம். எவ்வாறாயினும் சிறு கயிற்றால் வலையைப் பரிசலோடு பிணைத்துவிடல் அறிவுடைமை.

நான்காவது, வலைப்பை. முன்னாளில் பருத்தி நூலே வலைக்கு ஆயிற்று. ஈரத்தில் நுண்ணுயிர்கள் பருத்தியை அரித்துத் தின்றுவிடும். அதனைத் தடுக்கவே மீனவர் பனிச்சங்காய்ச் சாற்றில் வலையைத் தோய்த்து உலர்த்தினர். 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கரோதர்ஸ் என்னும் வேதியியலறிஞரின் ஆய்வுக்கூடத்தில் நைலான் பிறந்தபின் அக்கவலை நீங்கிற்று. நைலான் அழுகாது, எனினும் வெயிலின் புறஊதாக் கதிர்கள் அதனை நாளடைவில் நைவிக்கும். எனவே பருத்தி வலைக்கு வெயில் நட்பு. நைலான் வலைக்கு நிழலே நட்பு.

நூலினும் முடிச்சு கருதத்தக்கது. முடிச்சிட்ட கரடான கண்ணிகள் மீனின் செதிலையும் துடுப்பையும் உராயும். முடிச்சற்ற பின்னல் அத்துணை ஊறு செய்யாது. இரப்பர் பூசிய பை இன்னும் வழவழப்பானது. தூண்டில் முள் அதில் சிக்கிக்கொள்வதும் குறைவு. ஆயின் அது கனமுள்ளது. கண்ணி மிகச் சிறிதாயின் நீரில் இழுக்கும்போது தடை பெருகி வலை மெல்ல நகரும்; மிகப் பெரிதாயின் வால் புகுந்து துடுப்புக் கிழியும். இரண்டிற்கும் இடைப்பட்டதே தக்கது.

இம்மென்மை எதற்கு, கொல்லப்படும் மீனுக்கு உராய்வு ஒரு பொருட்டோ எனின், பிடித்த மீனெல்லாம் கொள்ளத்தக்கன அல்ல. சிறு குஞ்சுகளை விட்டுவிடுதல் நாளைய உணவைக் காத்தலாகும். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீர் என்னும் பெருமீன், 2018-ஆம் ஆண்டில் மிக அழியும் நிலையிலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அத்தகையது தற்செயலாக அகப்படின் உயிரோடு திரும்பச் செல்லல் வேண்டும். மீனின் உடலைப் போர்த்திருக்கும் வழுவழுப்பு வீண்பொருளன்று. பூஞ்சையும் நுண்ணுயிரும் அணுகாமல் காக்கும் கவசம். உலர்ந்த கையும் உலர்ந்த வலையும் அதனைத் துடைத்துவிடும். ஆகலின் இரண்டையும் முன்னரே நனைத்துக்கொள்ளல் முறை.

அளவைப் பற்றியும் ஒரு சொல். அவ்விடத்தில் அகப்படக்கூடிய பெரிய மீனின் நீளத்தில் பாதிக்குக் குறையாத அகலம் வளையத்திற்கும், மீனின் உடல் வளைந்து அடங்கும் ஆழம் பைக்கும் இருத்தல் வேண்டும். ஆழம் மிகுந்தாலும் குற்றமே. மீன் சுருண்டு சிக்கிக்கொள்ளும். வாங்குமுன் கடையில் வலையை வீசிப் பார்ப்பதால் யாதும் விளங்காது. ஐந்து லிட்டர் நீர் ஐந்து கிலோ எடையுள்ளது. அவ்வளவு நீர் கொண்ட பாத்திரத்தைப் பையிலிட்டு, பிடியைப் பற்றித் தூக்கிப் பார்த்தால் கழுத்தின் உண்மை புலப்படும். எமது முதல் வலைக்கு இச்சோதனை செய்திருந்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருவாய் ஆற்றோடு போயிராது.

இறுதியாகக் கையாளும் முறை. மீனைத் துரத்தி வலையை வீசலாகாது. அஞ்சிய மீன் புதுவலிமை பெற்று ஓடும். அது களைத்துப் பக்கவாட்டில் சாயும் வரை பொறுத்திருந்து, வலையை முன்னரே நீரில் ஆழ்த்தி அசையாது பிடித்து, மீனை அதன்மேல் தலைமுன்னாக இழுத்துவர வேண்டும். மீன் பின்னோக்கி எளிதில் நீந்தாது. தலை உட்புகின், அஞ்சி விரையும்போதும் பைக்குள்ளேயே விரையும். பின்னர் பிடியை நிமிர்த்தி, வளையத்தைப் பற்றி உள்ளே எடுத்தல் வேண்டும். ஒருவர் விளிம்பில் குனியும்போது மற்றவர் எதிர்ப்புறம் அமர்தலும், இருவரும் மிதவைச் சட்டை அணிதலும் பரிசலில் இன்றியமையாதன.

இவ்வளவும் தேர்ந்து, மடங்காத அலுமினிய வளையமும் நழுவி அடங்கும் பிடியும் முடிச்சற்ற பையும் உடைய வலையொன்றை, உதவித்தொகையில் மிச்சம்பிடித்து வாங்கினோம். நீர்ச்சோதனையும் செய்தோம். அடுத்த விடுமுறையில் அதனைப் பெரியவர் கையில் கொடுத்தபோது அவர் வலையின் பளபளப்பை நோக்கவில்லை. கழுத்தைப் பற்றி இருமுறை வளைத்துப் பார்த்தார். யாம் பல நாள் ஆராய்ந்து கண்ட இடத்தை அவர் விரல்கள் நேரே சென்று தொட்டன. "இது தாங்கும்" என்றார். அன்று மாலை கெளுத்திகள் இரண்டு வந்தன; பெரியன அல்ல. அவற்றுள் ஒன்றை மாமா இல்லத்திற்கென எம்மிடம் தந்து, யாம் மறுக்கவும் கேளாது பரிசலைத் தள்ளிக்கொண்டு சென்றார். கருவி வாங்கப் புகும் மாணவ நண்பர்க்கு யாம் கூறுவது இதுவே: மடித்தால் எத்துணைச் சிறிதாகும் என்று வினவுமுன், எங்கே மூட்டியுள்ளது என்று வினவுக; அவ்வினாவை, அதனைக் கொண்டு வாழ்பவரிடமே முதலில் வினவுக.