உங்களுக்குத் தெரியுமா? – கரும்பலகைக்கு எதிராக ஒரு கலகம்

கரும்பலகையும் ஒரு காலத்தில் வகுப்புக்குப் புதிதாக வந்த கருவிதான். அமெரிக்காவின் யேல் கல்லூரியில் வடிவியல் பாடத்தின் கூம்பு வெட்டுகளை விளக்கச் சொன்னால், மாணவர்கள் புத்தகத்திலிருக்கும் படத்தைப் பார்த்தபடியே சொல்லிவிடுவார்கள். 1830-இல் ஆசிரியர்கள் அதை மாற்றினார்கள். புத்தகத்தை மூடு, படத்தை நீயே பலகையில் போடு, பிறகு விளக்கு! மாணவர்கள் தேர்வெழுதவே மறுத்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கல்லூரி வெளியேற்றியது. இவர்களைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்று மற்ற கல்லூரிகளுக்கும் சொல்லிவைத்தது. சாக்பீஸும் கையுமாக, மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த கோடு எங்கே என்று தெரியாமல் நிற்கிற பயம் நம்மில் பலருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

★

காகிதமா, திரையா? மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 90 மாணவர்களை இரண்டிலும் படிக்க வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2017-இல் வெளியானது. பெரும்பாலோருக்குப் பிடித்தது திரைதான். அதில் படித்ததுதான் நன்றாகப் புரிந்தது என்றும் சொன்னார்கள். சாரத்தைக் கேட்டபோது இரண்டும் சமம். நுணுக்கமாகக் கேட்டபோது காகிதம் முந்திவிட்டது.

★

கனடாவில் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பெற்றோர், ஆசிரியர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பாடம் நடக்கும்போது சில மாணவர்கள் மடிக்கணினியில் வேறு எதையோ மேய்ந்துகொண்டிருந்தார்கள். அது ஆய்வாளர்கள் சொல்லிவைத்த நடிப்பு. உண்மையில் சோதிக்கப்பட்டவர்கள், பேனாவும் நோட்டுமாகக் குறிப்பெடுத்தவர்கள். அந்தத் திரைகள் கண்ணில் படாதவர்கள் தேர்வில் சராசரியாக 73 விழுக்காடு எடுத்தார்கள். கண்ணில் பட்டவர்கள் எடுத்தது 56. ஒழுங்காகப் பாடம் கவனிக்க வந்த பிள்ளைக்கு, பக்கத்துத் திரையால் 17 மதிப்பெண் போயிற்று! 'பெரிதாக ஒன்றும் பாதிக்கவில்லை' என்றே அவர்கள் நினைத்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

★

செல்போன் பக்கத்தில் இல்லாவிட்டால் பதற்றமாக இருக்கிறது: பல நாட்டு மாணவர்கள் எழுதும் பீசா (PISA) தேர்வின்போது, 2022-இல், 15 வயது மாணவர்களில் இப்படிச் சொன்னவர்கள், ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நாடுகளின் சராசரியில் 45 விழுக்காடு.

★

தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சானது. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே செல்போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ராத்திரி வரை கட்டமாகவே கிடக்கும். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது, 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் பல வீடுகளில் வகுப்பறை. கூடத்தில் உட்கார்ந்து, அம்மா பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே, பிள்ளை கணக்கை எழுதிக்கொண்டிருக்கும். மூன்றாவது வரி புரியாது. 'சார், இன்னொரு தடவை' என்று கேட்பதற்குள் டிவியில் சார் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்.