கழுத்துச் சிரை நெருக்கம்: படம் காட்டுவதும் அழுத்தம் உணர்த்துவதும்

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய 15 விழுக்காட்டைப் பெறுகிறது. நிமிடத்திற்கு முக்கால் லிட்டர் அளவில் உள்ளே செல்லும் அந்தக் குருதி, அதே அளவில் வெளியேறியும் ஆக வேண்டும். குருதியைக் கொண்டு செல்லும் தமனிகள் அடைபட்டால் பக்கவாதம் வரும் என்பது பலரும் அறிந்த செய்தி. குருதியை வெளியே கொண்டு வரும் சிரைகள் நெருக்குண்டால் என்ன நேரும் என்பதில் மருத்துவர்களின் கவனம் பரவலாகத் திரும்பியது அண்மைக் காலத்தில்தான். கழுத்தின் மேற்பகுதியில், மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு எலும்புகளுக்கு இடையில் சிக்கிச் சிரை தட்டையாவதே உட்கழுத்துச் சிரை நெருக்கம் எனப்படுகிறது. இந்நிலையை ஸ்கேன் படத்தில் காண்பது எளிது. நோயாளியின் துன்பத்துக்கு அதுவே காரணம் என்று நிறுவுவது கடினம். அதற்கான அறுவை சிகிச்சையை நாடுவோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டையே.

எலும்புகளுக்கு இடையிலான வழி

மூளையின் சிரைகள், மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையின் மடிப்புகளுக்குள் அமைந்த சிரைக்குடாக்கள் என்னும் அகன்ற குழாய்களில் கலக்கின்றன. உச்சியிலிருந்து பிடரி நோக்கி வரும் சிரைக்குடா அங்கே இரண்டாகப் பிரிந்து, இரு காதுகளின் பின்புறமாக வளைந்து, மண்டையோட்டின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளிப்பட்டு, பக்கத்துக்கு ஒன்றாக உட்கழுத்துச் சிரைகளாகத் தொடர்கிறது. பெரும்பாலானோருக்கு வலப்பக்கச் சிரையே பெரியதாக இருக்கும்.

வெளிப்பட்டவுடனே சிரை கடக்க வேண்டிய வழி குறுகலானது. அதன் முன்புறம், காதுக்கு அடியிலிருந்து கீழ்நோக்கி ஊசிபோல் நீளும் ஸ்டைலாய்டு எலும்பு முனை இருக்கிறது. பின்புறம், தலையைத் தாங்கும் முதல் கழுத்து முள்ளெலும்பான அட்லஸின் பக்கவாட்டு நீட்சி இருக்கிறது. ஸ்டைலாய்டின் இயல்பான நீளம் ஏறத்தாழ 2.5 முதல் 3 சென்டிமீட்டர் வரை ஆகும். அது கூடுதலாக நீண்டிருந்தாலோ, நீளம் இயல்பாக இருந்தும் பின்னோக்கிச் சாய்ந்திருந்தாலோ, அட்லஸின் நீட்சி பெரிதாக இருந்தாலோ, இடையிலுள்ள மென்மையான சிரை நசுங்குகிறது. அவ்விடத்தை ஒட்டிச் செல்லும் தசைகளும் சிலருக்கு இந்த நெருக்கத்தைக் கூட்டுகின்றன. நீண்ட ஸ்டைலாய்டினால் தொண்டை வலியும், தொண்டையில் ஏதோ சிக்கிய உணர்வும், காது வலியும் வருவதை 1937 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் வாட் ஈகிள் விளக்கியதால், அந்நிலை ஈகிள் நோய்க்குறித் தொகுப்பு எனப்படுகிறது. சிரை நெருக்கம் அதன் மற்றொரு வடிவமாக இன்று கருதப்படுகிறது.

சிரையின் அழுத்தமும் மூளையின் அழுத்தமும்

மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி என்பதால், அதனுள் இருக்கும் மூளை, குருதி, மூளைத் தண்டுவடத் திரவம் ஆகிய மூன்றில் ஒன்று கூடினால் மற்றொன்று குறைய வேண்டும், இல்லையேல் அழுத்தம் உயரும் என்னும் கோட்பாடு, ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்ரோ 1783 இலும் ஜார்ஜ் கெல்லி 1824 இலும் எழுதியவற்றிலிருந்து உருவானது. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் சுரக்கும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் பெரும்பகுதி சிரைக்குடாக்களுக்குள் வடிவதாகக் கருதப்படுவதால், சிரையின் அழுத்தம் உயர்ந்தால் திரவம் வடிவது தடைப்பட்டு, மண்டைக்குள் அழுத்தமும் உயர்கிறது. இத்தொடர்பை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் குவெக்கென்ஸ்டெட் 1916 இலேயே சோதனையாகப் பயன்படுத்தினார். முதுகுத்தண்டில் ஊசி செருகித் திரவத்தின் அழுத்தத்தை அளந்துகொண்டிருக்கும்போது நோயாளியின் கழுத்துச் சிரைகளை விரலால் அழுத்தினால், இடையில் தடை ஏதும் இல்லாதவரை அழுத்தம் உடனே உயர்வதை அவர் காட்டினார்.

ஆயினும் உடலுக்கு மாற்று வழிகள் உண்டு. கழுத்துப் புற்றுநோய்க்கான பெரிய அறுவை சிகிச்சைகளில் ஒருபக்க உட்கழுத்துச் சிரை முழுவதும் அகற்றப்பட்ட நோயாளிகளுள் பெரும்பாலோர் பெரிய தொல்லையின்றி வாழ்ந்துள்ளனர். இரு சிரைகளும் ஒரே வேளையில் அகற்றப்பட்டபோதுதான் முகவீக்கமும் மூளை அழுத்த உயர்வும் பெரும் சிக்கலாயின. மேலும், படுத்திருக்கும்போது குருதி பெரும்பாலும் கழுத்துச் சிரைகள் வழியே இறங்க, எழுந்து நிற்கும்போது அச்சிரைகள் சுருங்கிவிட, முதுகெலும்பைச் சூழ்ந்த சிரை வலையே முதன்மை வழியாகிறது. எனவே ஒருபக்கச் சிரை நசுங்கியிருப்பது மட்டுமே நோயாகாது. மறுபக்கச் சிரை பிறவியிலேயே சிறுத்திருந்து, மாற்று வழிகளும் போதாதபோது, அதே நசுங்கல் நோயாகலாம்.

அறிகுறிகளும் அலைச்சலும்

இந்நிலையுடன் தொடர்புபடுத்தப்படும் அறிகுறிகளில், படுத்தால் கூடும் தலைவலி, நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலிக்கும் காதிரைச்சல், தலைக்குள் இறுக்கம், கழுத்தை ஒரு பக்கம் திருப்பும்போது மிகும் தலைச்சுற்றல், பார்வை மங்கல், சிந்தனை மந்தம், தூக்கமின்மை ஆகியவை அடங்கும். துடிப்போடு எழும் இரைச்சல், கழுத்தின் அந்தப் பக்கத்தை மெல்ல அழுத்தும்போது நின்றுவிட்டால், அது சிரை சார்ந்தது என்பதற்கு ஒரு குறிப்பாகும். இவற்றுள் பெரும்பாலானவை ஒற்றைத் தலைவலி, உட்காது நோய், கழுத்தெலும்புத் தேய்வு, மனப்பதற்றம் ஆகியவற்றிலும் வருவன என்பதால், நோயாளி காது மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் மாறி மாறிச் செல்ல நேர்கிறது; ஒவ்வொரு துறையும் தனக்குரிய பகுதியை இயல்பானது என்று அறிவிக்க, துன்பம் மட்டும் பெயரின்றித் தொடர்கிறது.

இந்த அலைச்சலில் முந்திச் செய்ய வேண்டியது கண் பரிசோதனையே. மண்டைக்குள் அழுத்தம் உயர்ந்தால், கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு தொடங்கும் இடம் வீங்கக்கூடும். அந்த வீக்கத்தைக் கவனியாது விட்டால் பார்வை நிலையாகப் பறிபோகலாம். ஆகவே வீக்கம் காணப்பட்டால் சிகிச்சையில் காலந்தாழ்த்த இடமில்லை.

நோயறிதலின் படிகள்

சிரைகளில் சாயம் பரவும் நேரத்தில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன், எலும்பையும் சிரையையும் ஒருங்கே காட்டுவதால், நெருக்கத்தைக் காண ஏற்ற படமாகும்; எம்.ஆர்.ஐ. படத்தில் மெதுவாக ஓடும் குருதி சில வேளைகளில் அடைப்புப் போலத் தோன்றிவிடும். தலை திரும்பியிருக்கும் கோணம், மூச்சைப் பிடித்திருத்தல், படுத்திருத்தல் ஆகிய ஒவ்வொன்றும் சிரையின் தோற்றத்தை மாற்றுவதால், எந்த நிலையில் படம் எடுக்கப்பட்டது என்பதும் அறிக்கையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். இரத்தம் உறைந்த கட்டி, பெருத்த தைராய்டு, நிணநீர்க் கட்டி, முன்பு சிரையில் செருகப்பட்ட குழாயால் ஏற்பட்ட தழும்பு போன்ற பிற காரணங்களும் இக்கட்டத்தில் விலக்கப்பட வேண்டும்.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதன் சான்று வரம்புக்கு உட்பட்டது. வேறு காரணங்களுக்காகக் கழுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்ட 108 பேரின் படங்களை ஆராய்ந்து 2012 இல் அமெரிக்க நரம்பு கதிரியக்கவியல் இதழில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வலப்பக்கச் சிரை கடுமையாகக் குறுகியிருந்தது. நெருக்கம் இவ்வளவு பரவலாக இருப்பதால், படத்தை மட்டும் நம்பி அறுவை செய்தால் நோயற்ற எலும்புகள் பலவும் வெட்டப்படும்.

எனவே அடுத்த படி அழுத்தத்தை அளப்பதாகும். தொடையிலோ கையிலோ உள்ள சிரை வழியே கத்தீட்டர் எனப்படும் மெல்லிய குழாயைச் செலுத்தி, நெருக்கத்துக்கு மேலும் கீழும் அழுத்தத்தை அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுகின்றனர். மயக்க மருந்து அழுத்தத்தை மாற்றிவிடும் என்பதால், நோயாளி விழித்திருக்கும்போது, தலையை நேராகவும் திருப்பியும் வைத்து அளப்பதே பயனுள்ளது. மண்டைக்குள் இருக்கும் சிரைக்குடாக் குறுக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் பாதரசம் அளவிலான வேறுபாட்டைப் பல மையங்கள் சிகிச்சைக்கான எல்லையாகக் கொள்கின்றன; கழுத்துச் சிரைக்கு அத்தகைய ஒருமித்த எல்லை இல்லை. முதுகுத்தண்டுத் திரவத்தின் அழுத்தமும் அளக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு அது 25 சென்டிமீட்டர் நீருக்கு மேற்பட்டால் உயர்வாகக் கருதப்படுகிறது.

ஒரு பழைய எச்சரிக்கை

கழுத்துச் சிரையைப் பற்றிய அவசரமான நம்பிக்கை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு அண்மை வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்குக் கழுத்து, மார்புச் சிரைகளின் குறுக்கமே காரணம் என்ற கருத்தை இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் பாவ்லோ சம்போனி 2009 இல் முன்வைத்தார். சிரையைப் பலூனால் விரித்தால் நோய் தணியும் என்ற நம்பிக்கை, குறிப்பாகக் கனடாவில், பெரும் எழுச்சியாகி, நோயாளிகள் போலந்து, கோஸ்டாரிகா, இந்தியா முதலிய நாடுகளுக்குப் பணம் செலவழித்துச் சென்றனர். 2012 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இச்சிகிச்சையால் உயிரிழப்பும் கடும் காயங்களும் நேர்ந்துள்ளதாக எச்சரித்தது. நோயாளிகளிடமும் நோயற்றவர்களிடமும் குறுக்கம் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதை 2013 இல் லான்செட் இதழில் வெளியான கனடிய ஆய்வு காட்டியது. மெய்ச் சிகிச்சையையும் பாவனைச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 104 பேரிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2017 இல் வெளியானபோது பயன் ஏதும் தெரியவில்லை. சம்போனியே தலைமையேற்ற சோதனையும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தது.

எலும்பால் நேரும் சிரை நெருக்கம் சம்போனியின் கருத்திலிருந்து வேறுபட்டது. இங்கே அழுத்த உயர்வு என்னும் அளக்கத்தக்க இடைக்கண்ணி இருக்கிறது. மண்டைக்குள் சிரைக்குடாக் குறுகிய நோயாளிக்கு ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாய் பொருத்திப் பயன் கண்டதை கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 2002 இல் வெளியிட்டது முதல், சிரைவழி அழுத்தம் குறித்த ஆய்வு உறுதியான தடத்தில் நடந்து வருகிறது. கழுத்துச் சிரைக் குறுக்கத்தைப் பற்றிப் பெய்ஜிங்கின் சுவான்வு மருத்துவமனையும் தொடர்ந்து எழுதி வருகிறது. ஆயினும் எலும்பை அகற்றும் அறுவையைப் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் சிறு நோயாளிக் குழுக்களின் விவரங்களே. ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய பெரிய சோதனை இன்னும் நடைபெறவில்லை.

அறுவையும் அதன் விலையும்

மூளை அழுத்தம் உயர்ந்த நிலையில் முதலில் மருந்தே முயலப்படுகிறது. எடைக்குறைப்பு உணவுமுறையுடன் சேர்த்துத் தரப்படும், திரவச் சுரப்பைக் குறைக்கும் அசிட்டசோலமைடு மருந்து பார்வையைக் காக்க உதவுவதை 165 பேர் பங்கேற்று 2014 இல் வெளியான அமெரிக்கச் சோதனை உறுதி செய்தது. மருந்து போதாமல், நெருக்கமே காரணம் என்பதற்கு அழுத்த அளவும் அறிகுறிகளும் ஒத்துவரும்போது அறுவை பரிசீலிக்கப்படுகிறது.

வாய் வழியே ஸ்டைலாய்டை அகற்றும் முறை தொண்டை வலிக்கு ஏற்றதாயினும், மண்டையோட்டின் அடிவரை சிரையைத் தெளிவாகக் காண அது போதாது. ஆகவே காதுக்குக் கீழே கழுத்தில் கீறி, ஸ்டைலாய்டை அடிவரை அகற்றி, தேவையானால் அட்லஸின் நீட்சியில் ஒரு பகுதியையும் செதுக்கிச் சிரையை விடுவிக்கின்றனர். முகம், நாக்கு, குரல், விழுங்குதல், தோள் ஆகியவற்றுக்கான நரம்புகளும் மூளைக்குச் செல்லும் கரோட்டிட் தமனியும் சில மில்லிமீட்டர் தொலைவில் உள்ளன. அட்லஸின் நீட்சியிலுள்ள துளை வழியாக மூளைக்குச் செல்லும் மற்றொரு தமனி ஏறுகிறது. உதட்டோரத் தளர்ச்சி, குரல் மாற்றம், தோள் வலுவின்மை, உணவின் முதல் கடியில் தாடையில் மின்னும் வலி ஆகியவை அறியப்பட்ட பின்விளைவுகள். பல தற்காலிகமானவை, சில நிலைத்துவிடுவன.

எலும்பை அகற்றாமல் ஸ்டென்ட் மட்டும் பொருத்தினால், அதே எலும்பு அதையும் நசுக்கி உருக்குலைக்கலாம். சிரை இதயத்தை நோக்கி அகன்று செல்வதால், அளவு பொருந்தாத ஸ்டென்ட் இடம் பெயர்ந்து இதயத்தை அடையும் ஆபத்தும் உண்டு. எலும்பை அகற்றிய பின்னும் நெடுநாள் நசுங்கிய சிரை விரியாவிட்டால் மட்டுமே, குருதி உறைவதைத் தடுக்கும் மருந்துகளின் துணையோடு ஸ்டென்ட் கருதப்படுவது முறையான வரிசையாகும்.

இச்சிகிச்சையை நாடுவோர் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு: பார்வை நரம்பு வீங்கியுள்ளதா, நெருக்கத்தின் இருபுறமும் அழுத்தம் அளக்கப்பட்டதா, மறுபக்கச் சிரையின் நிலை என்ன, தலையைத் திருப்பும்போது அறிகுறியும் அழுத்தமும் ஒன்றாக மாறுகின்றனவா, அறுவை மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்து என்ன பின்விளைவுகளைக் கண்டுள்ளார் என்பனவே அவை. நரம்பியல், கதிரியக்கம், கண், காது மூக்கு தொண்டை ஆகிய துறைகள் ஒன்றுகூடி முடிவெடுக்கும் மையமே இக்கேள்விகளுக்கு முழுமையாக விடையளிக்க வல்லது. நோயாளியின் துன்பத்தை மனப்பிரமை என்று தள்ளுவதும், படத்தில் தெரிந்த ஒரு குறுக்கத்தை நோயென்று உடனே வெட்டப் புகுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்; இரண்டிலும் அளக்க வேண்டியது அளக்கப்படாமல் போகிறது.