சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற

மாசி மாதம். மானாவாரிக் குதிரைவாலியை அடித்துத் தூற்றி, சாணி மெழுகிய களத்தில் காயப்போட்டிருந்தோம். மறுநாள் மூடை பிடித்து மதுரைக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் பத்து மூடை. காலையில் தானியத்தைக் கூட்டி அள்ளப் போன என் மனைவி, ஒரு கை அள்ளி மூக்குப் பக்கம் கொண்டுபோனார். "ஏங்க, இங்க வாங்க. இதுல மண்ணெண்ணெய் மாதிரி வாடை வருதுல்ல?"

மண்ணெண்ணெய் இல்லை, டீசல். முந்தின நாள் சாயங்காலம் மூடை ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று என் பழைய டீசல் காரைக் களத்தின் மேட்டு ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். ராத்திரி முழுக்கச் சொட்டிய டீசல் சரிவில் இறங்கி, தானியத்துக்கு அடியில் ஊறியிருந்தது. அந்தப் பக்கம் கிடந்ததைத் தனியாக ஒதுக்கிப் பார்த்தால் ரெண்டு மூடை.

பக்கத்துக் காட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "அண்ணாச்சி, மத்த எட்டு மூடையோட கலந்து விட்டுருங்க. யாருக்குத் தெரியப்போவுது?" தெரியாதுதான். ஆனால் நஞ்சில்லாத தானியம் என்று சொல்லி விற்கிறோம். பெரும்பாலும் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சத்தான் வாங்கிப் போகிறார்கள். ரெண்டு மூடையையும் விற்கவில்லை. கோழிக்குக்கூடப் போடவில்லை. எட்டு மூடைதான் மதுரைக்குப் போனது.

தப்பு என்னுடையது. வண்டிக்கு அடியில் ஈரம் இருப்பது ஒரு மாதமாகவே என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டேன். அதற்கு அப்புறம் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். டிராக்டர், டீசல் மோட்டார், பவர் டில்லர் வைத்திருக்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு தம்ளர் கணக்கு

முதலில் எவ்வளவு போகிறது என்று பார்ப்போம் என்று, சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே ஒரு அகலத் தட்டை வைத்தேன். காலையில் அளந்தால் 150 மில்லி, ஒரு காபி தம்ளர் அளவு. மாதத்துக்கு நாலரை லிட்டர். காசுக்கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நாலரை லிட்டரும் என் வீட்டு வாசலிலும் களத்திலும் கிணற்றடியிலும்தான் இறங்கியிருக்கிறது. யூரியா மூட்டை உள்ளே வராமல் இத்தனை வருஷமாகக் காத்த நிலம் அது.

எண்ணெய் பட்ட மண்ணில் தண்ணீர் இறங்காது. மேலேயே உருண்டு ஓடும். டீசலைத் தின்று சிதைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டு. ஆனால் அவை வேலை செய்யத் தழைச்சத்து வேண்டும். பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அவை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் டீசல் கொட்டிய இடத்தில் புல்கூடப் பல நாள் வெளிறி நிற்கிறது. நம்ம கரிசல் காட்டில் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். சிந்தியது அந்த வெடிப்பு வழியாக எவ்வளவு ஆழம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

நான் செய்த முதல் தப்பு

காலையில் வண்டி எடுக்க மறுப்பதும் அந்த மாதத்தில்தான் தொடங்கியது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்து, 'பில்டர்தான் போயிருக்கும்' என்று நானே முடிவு கட்டினேன். அருப்புக்கோட்டையில் புது டீசல் பில்டர் வாங்கி வந்து, நானே கழற்றி மாட்டினேன். சொட்டுவது நிற்கவில்லை. காலையில் வண்டி எடுப்பது முன்னைவிட மோசம். பத்து தடவை சாவி திருப்பினால் பேட்டரிதான் இறங்கியது.

கடைசியில், டிராக்டர் வேலை பார்த்தே வயதான ஒரு மாமாவைப் போய்க் கூட்டி வந்தேன். வந்தவர் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் கேட்டது இதுதான்: "ஓடும்போது சொட்டுதா, நிக்கும்போது சொட்டுதா?"

"ராத்திரி பூரா சொட்டுது மாமா."

"அது சரி. ஓடும்போது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பார்த்ததே இல்லை.

"சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற மாப்ள. மொதல்ல அந்த அடித்தகட்டக் கழட்டு."

இஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க ஒரு தகடு இருக்கும். கழற்றினால் அதில் டீசல் தேங்கிக் கிடக்கிறது. இஞ்சின் ஓடும்போது எங்கோ மேலே ஒழுகி, தகட்டில் சேர்ந்து, தகட்டின் ஓட்டை வழியாக ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கிறது. நான் தட்டு வைத்த இடத்துக்கும் ஓட்டை விழுந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

திருநீறு வைத்தியம்

அவர் கசிவு தேடிய முறை இதுதான். செலவே இல்லை.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, டீசல் போகிற பாதை முழுவதையும் பழைய துணியால் துடைத்தோம். டேங்கில் இருந்து பில்டர், பில்டரில் இருந்து பம்ப், பம்பில் இருந்து நோசில், மிச்சம் டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் பைப் என்று ஒவ்வொரு இணைப்பாக, கொஞ்சமும் ஈரம் இல்லாமல் துடைத்தோம். பிறகு வீட்டில் இருந்து திருநீறு எடுத்து வரச் சொல்லி, இணைப்புகள் மேல் லேசாகத் தூவினார். சாக்குக்கட்டிப் பொடியும் போதும். பெல்ட்டும் விசிறியும் இருக்கிற பக்கம் மட்டும் தூவவில்லை.

வண்டியை எடுத்து ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினோம். வெள்ளை அப்படியே இருந்தால் அந்த இடம் சுத்தம். நனைந்து கறுத்திருந்தால் அங்கே கசிவு. நோசிலுக்கு நோசில் போகிற, விரல் தடிமன்கூட இல்லாத துணி சுற்றிய ரிட்டர்ன் ரப்பர் பைப்பில், ஒரு வளைவில் மட்டும் திருநீறு களிம்பாகியிருந்தது. பைப்பை வளைத்துப் பார்த்தால் ரப்பர் வெடித்து, கரிசல் காடு மாதிரி கோடு கோடாக இருந்தது. ஒரு முழம் பைப் வாங்கி நறுக்கிப் போட்டோம். ரெண்டு டீ குடிக்கிற காசுதான் ஆனது. அதற்கு நான் ரெண்டு மூடை குதிரைவாலியை இழந்திருக்கிறேன்.

ரப்பர் ஏன் வெடிக்கிறது? முதல் காரணம் சூடும் வயதும். டீசல் மாறுவதும் ஒரு காரணம் ஆகலாம். 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோது, பழைய வண்டிகளில் ரப்பர் வளையங்கள் சுருங்கி ஒழுகியதாக நிறையப் புகார் வந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் விற்கிற பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பி.எஸ். 4 டீசலில் 50 வரை இருக்கலாம். காற்றுக்கு இது நல்லது. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் பைப்புகளை வருஷம் ஒருமுறை வளைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஒழுகாத ஓட்டை

சொட்டுவது நின்றது. காலையில் எடுக்காத சங்கடம் நிற்கவில்லை. அதற்கு மாமா விளக்கம் சொன்னார்.

என் வண்டியில் டேங்கில் இருந்து பில்டர் வழியாக டீசலை உறிஞ்சி இழுப்பது இஞ்சின் பம்ப்தான். உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். பப்பாளித் தண்டில் ஓட்டை போட்டுத் தண்ணீர் உறிஞ்சுகிற மாதிரி. ராத்திரி நிற்கும்போது அந்தக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் பம்புக்குக் காற்றுதான் கிடைக்கும். பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு துண்டு கண்ணாடிக் குழாய் போட்டுப் பார்த்தோம். குமிழி குமிழியாக ஓடியது.

காரணம் நான்தான். பழைய பில்டரைக் கழற்றியபோது, அதன் ரப்பர் வளையம் மேலே தலைப்பகுதியிலேயே ஒட்டி நின்றிருக்கிறது. அதைப் பார்க்காமல், புது வளையத்தோடு புது பில்டரை ஏற்றிவிட்டேன். வளையத்தின் மேல் வளையம். எப்படி இறுகும்?

பில்டர் மாற்றும் முறை

திருகி மாட்டுகிற பில்டருக்கு இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

1. இஞ்சின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். டீசல் லேசில் பற்றாது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நம் நாட்டு டீசல் தீப்பற்றும் ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலைக்கு விதிப்படி குறைந்தபட்ச அளவே 35 டிகிரிதான். சித்திரையில் நம்ம ஊர் நிழலிலேயே அதைத் தாண்டும்.

2. தரையில் சாக்கு விரித்து, மேலே தட்டு வையுங்கள். மண் தரையில் செய்யாதீர்கள்.

3. பில்டரையும் சுற்றிலும் உள்ள தூசியையும் முதலில் துடையுங்கள். ஒரு சிட்டிகைக் கரிசல் தூசி பம்புக்குள் போனால் பம்ப் வேலை வைக்கும்.

4. அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, உள்ளிருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். டீசல் தண்ணீரைவிட லேசு. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

5. பழைய பில்டரைக் கழற்றியதும் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மேலே ஒட்டியிருக்கும். எடுத்துவிட்டுத் துடையுங்கள்.

6. புது வளையத்தில் சுத்தமான டீசல் தடவுங்கள். வளையம் தொடுகிற வரை திருகி, அதற்கு மேல் முக்கால் சுற்று, கையாலேயே. பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வளையம் நசுங்கும்.

7. கை பம்ப் இருந்தால், ஏர் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, குமிழி நின்று டீசல் மட்டும் வருகிற வரை அடியுங்கள். அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள். வருகிற டீசலைத் துணியில் பிடியுங்கள்.

8. வயரை மாட்டி, வண்டியை எடுத்து, மறுபடி திருநீறு தூவிப் பாருங்கள். இதை மட்டும் நான் முதல் தடவை செய்திருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் டேங்கில் இருந்து பம்ப் வரைக்கும், பிறகு ரிட்டர்ன் பைப்புக்கும்தான். பம்பில் இருந்து நோசிலுக்குப் போகிற இரும்புக் குழாயில் இஞ்சின் ஓடும்போது கை வைக்காதீர்கள். புதிய வண்டிகளில் அங்கே அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். ஊசி முனை ஓட்டையில் இருந்து பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் பக்கக் கசிவு மெக்கானிக் வேலை.

சிந்தியதை என்ன செய்தேன்

களத்தில் ஊறிய மண்ணைக் கைவிரல் ஆழத்துக்கு மேலேயும் வாடை போகிற வரை சுரண்டி எடுத்தேன். மக்கு உரக்குழியில் போடவில்லை. அது பயிருக்குப் போகிற உரம். கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, மேட்டில் பழைய தார்ப்பாய் விரித்து, அந்த மண்ணையும் கெட்டுப்போன குதிரைவாலியையும் மக்கிய சாணியோடு கலந்து மெல்லிசாகப் பரப்பினேன். ஈரம் காயாமல் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறி, மழைக்கு மூடி வைக்கிறேன். காற்றும் ஈரமும் தழைச்சத்தும் கிடைத்தால் நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைத்துவிடும். வாடை இப்போது பாதிக்கு மேல் போய்விட்டது. முழுவதும் போனாலும் அந்த மண்ணை வேலியோரத்துக்குத்தான் போடுவேன், காட்டுக்கு அல்ல. பழைய பில்டரையும் அழுக்கு டீசலையும் கழிவு ஆயில் எடுக்கிற பட்டறையில் கொடுத்தேன். கண்மாய்க் கரையில் எறிந்தால் அடுத்த மழைக்கு அது தண்ணீரில் கலக்கும்.

கூட்டத்துக்குக் கூட்டம் வெளி இடுபொருளைக் குறைக்க வேண்டும் என்று பேசுகிறோம். உரம், மருந்து, விதை எல்லாம் கணக்கில் வருகிறது. எங்கள் குழுவில் ஒருத்தர் காட்டை ஒருத்தர் பார்வையிடும்போது, பக்கத்துக் காட்டு மருந்து நம் காட்டுக்கு வருதா என்று கேட்கிறோம். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை. உழவு, கதிரடி, தண்ணீர், சந்தை எல்லாமே டீசலில்தான் ஓடுகிறது. நம்மில் பலர் வாங்குகிற பெரிய வெளி இடுபொருள் இன்று அதுதான்.

அடுத்த கூட்டத்துக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிறவர்கள் வண்டியை மர நிழலில் நிறுத்தி, அடியில் ஒரு பழைய செய்தித்தாள் விரிக்க வேண்டும். கூட்டம் முடிந்து போகும்போது அவரவர் தாளை அவரவர் எடுத்துப் பார்க்க வேண்டும். என் தாள் காய்ந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்களும் இன்று ராத்திரியே ஒன்று விரித்துப் பாருங்கள்.