விரல் அசைந்தால் கமகம் வருமா? சின்தசைசரிடம் இசைக்கலைஞர்கள் கேட்கும் 5 வரங்கள்!

புது மொபைல் வருகிறது என்றாலே கேமரா எப்படி இருக்க வேண்டும், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று நம்மிடம் ஆளுக்கொரு பட்டியல் இருக்கும். எலெக்ட்ரானிக் இசைக்கருவிப் பிரியர்களும் அப்படித்தான். அமெரிக்காவின் அனஹைம் நகரில் வழக்கமாக ஜனவரியில் நடக்கும் ‘நாம் ஷோ’ இசைக்கருவிக் கண்காட்சி நெருங்கினால் போதும், ‘அடுத்த சின்தசைசரில் இதெல்லாம் வேண்டும்’ என்று ஆசைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த ஆசைகளில் ஓர் ஆச்சர்யம் உண்டு. புதுப் புது சத்தங்கள் வேண்டும் என்பதைவிட, ‘என் விரல் செய்வதை இந்த மெஷின் புரிந்துகொள்ள வேண்டும்’ என்ற ஏக்கமே அவற்றில் அதிகம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்படும் சில வரங்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. சில இன்னும் பாக்கி. அந்தப் பாக்கியில் நம்மூர் இசைக்கும் பங்கு இருக்கிறது.

சின்தசைசர்... அது என்ன?

ஹார்மோனியத்தில் காற்று, வீணையில் தந்தி. சின்தசைசரில் மின்சாரமே அதிர்கிறது. அந்த அதிர்வை வடிகட்டி, கூட்டி, குறைத்து வேண்டிய ஒலியாக மாற்றுவதுதான் இதன் வேலை. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964-ல் இதன் முன்மாதிரியை உருவாக்கினார். அதன் வழியில் வந்த முதல் கருவிகள் அலமாரி அளவில் இருந்தன. 1970-ல் வந்த ‘மினிமூக்’ மேடைக்குத் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருங்கியது.

‘இப்போதுதான் போனிலேயே ஆப் இருக்கிறதே, தனியாக மெஷின் எதற்கு?’ என்று கேட்கலாம். ஒலிக்காக மட்டும் என்றால் ஆப் போதும். ஆனால், கண்ணாடித் திரையில் எங்கே தொட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கைக்குத் தெரிவதும், கட்டையை அழுத்தும்போது அது திருப்பித் தள்ளுவதும் அதில் கிடைக்காது. அதனால்தான் ஹார்டுவேர் சின்தசைசருக்கு இன்றும் காத்திருக்கிறார்கள்.

வரம் 1: பழசு திரும்பி வரணும்!

1981-ல் மினிமூக் தயாரிப்பு நின்றுபோனது. பழைய கருவிகளுக்கு மவுசு ஏறிக்கொண்டே போனது. ‘மறுபடியும் தயாரியுங்கள்’ என்ற கோரிக்கைக்கு 2016-ல்தான் மூக் நிறுவனம் செவி சாய்த்தது. 2022-ல் மீண்டும் வந்தபோது விலை 4,999 டாலர்!

இதற்கிடையே 2018-ல் பெரிஞ்சர் நிறுவனம், கட்டைகள் இல்லாத சிறிய பெட்டியாக அதே பாணி ஒலியை சுமார் 300 டாலருக்குக் கொடுத்தது. ‘எளியவர்களுக்கும் எட்டியது’ என்று ஒரு பக்கம் கொண்டாட்டம். ‘அடுத்தவர் உழைப்பை நகலெடுப்பது நியாயமா?’ என்று மறுபக்கம் சண்டை. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

ரோலண்டின் ‘டி.ஆர்-808’ கதை வேறு மாதிரி. 1980-ல் வந்த இந்த ரிதம் மெஷினின் தனித்துவமான ஒலிக்குக் காரணம், தரத்தில் தேறாமல் ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்கள். நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியே இதைச் சொல்லியிருக்கிறார். தொழில்நுட்பம் முன்னேறி, பழுதான டிரான்சிஸ்டர்கள் கிடைப்பது நின்றதும் மெஷினும் நின்றது! பல ஆண்டுகள் டிஜிட்டல் நகல்களையே கொடுத்துவந்த ரோலண்ட், 2025-ல் வெளியிட்ட ‘டி.ஆர்-1000’ கருவியில்தான் அனலாக் சர்க்யூட்டுக்குத் திரும்பியது.

வரம் 2: ஒவ்வொரு விரலுக்கும் தனி மரியாதை!

ஒரு கட்டையை அழுத்துகிறீர்கள். ஒலி வருகிறது. விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒலி பெருக வேண்டும், நடுங்க வேண்டும், அழ வேண்டும். இதற்குப் பெயர் ‘ஆஃப்டர்டச்’. பல கீபோர்டுகளில் இந்த வசதி உண்டு. ஆனால், ஒரு விரலை அழுத்தினால் எல்லா விரல்களின் ஒலியும் சேர்ந்து மாறிவிடும். ஒரே ஸ்விட்சில் வீட்டு ஃபேன்கள் எல்லாம் சுற்றுவதுபோல!

விரலுக்கு விரல் தனித்தனியாக உணரும் வசதி 1970-களிலேயே யமஹாவின் ‘சி.எஸ்-80’ கருவியில் இருந்தது. ‘பிளேட் ரன்னர்’ (1982) படத்தில் வான்கெலிஸ் எழுப்பிய அந்த உருகும் ஒலிகள் இதில் பிறந்தவைதான். ஆனால், கருவியின் எடை சுமார் 100 கிலோ. அது நின்றுபோன பிறகு, இந்த வசதி கொண்ட கீபோர்டுகள் அபூர்வமாகவே வந்தன. ஒவ்வொரு கட்டைக்கும் தனி சென்சார் வைத்தால் செலவு எகிறும் என்பதால் கம்பெனிகள் தயங்கின.

ஆசைப்பட்டவர்கள் விடவில்லை. 2019-ல் ஏ.எஸ்.எம். என்ற புதிய நிறுவனம் ‘ஹைட்ராசின்த்’ கருவியில் இதைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில் சின்னக் கட்டைகள் கொண்ட ‘எக்ஸ்புளோரர்’ மாடலும் வந்தது. 100 கிலோவில் இருந்த வசதி, தோளில் மாட்டும் பைக்குள் வந்துவிட்டது.

வரம் 3: 12 கட்டைக்கு நடுவே!

நம்மூர் இசைக்கு மிக நெருக்கமான வரம் இது. கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள். ஆனால், தோடி ராகத்தின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்குமா? அது அசைந்தால்தான் தோடி. வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்து அந்த அசைவைக் கொண்டுவருகிறார்கள். கீபோர்டில் இழுக்க என்ன இருக்கிறது?

இடது பக்கம் இருக்கும் ‘பிட்ச் பெண்ட்’ சக்கரம்தான் ஒரே துணை. கர்நாடக இசையை கீபோர்டில் வாசிப்பவர்கள் வலது கையால் ஸ்வரம், இடது கையால் சக்கரம் என்று கமகத்தைக் கொண்டுவருவார்கள். ஒரு விரல் செய்ய வேண்டியதை இரண்டு கைகள் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தச் சுவரை உடைக்க முயன்றவர்களில் ஒருவர் அமெரிக்கப் பேராசிரியர் லிப்போல்ட் ஹேக்கன். அவர் உருவாக்கிய ‘கன்டினம்’ கருவியில் கட்டைகளே கிடையாது. நீளமான மெத்தென்ற பரப்பில் விரலை வழுக்கினால் ஒலியும் வழுக்கும். 2009-ல் வந்த ‘டெல்லி 6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் ஏ.ஆர்.ரஹ்மான் வாசித்தது இதைத்தான்.

அடுத்த பாய்ச்சல், பிரான்ஸின் எக்ஸ்பிரஸிவ் இ நிறுவனத்தின் ‘ஆஸ்மோஸ்’. 2019-ல் அறிவித்து, சில ஆண்டுகள் காத்திருக்க வைத்து வாங்கியவர்கள் கைக்கு வந்தது. பார்க்க சாதாரண கீபோர்டு மாதிரியே இருக்கும். ஆனால், கட்டையை அழுத்தியபடி பக்கவாட்டில் அசைத்தால் சுருதியும் அசையும். ஏறக்குறைய வீணைத் தந்தியை இழுப்பது போலத்தான். ஹேக்கனின் ஒலித் தொழில்நுட்பம்தான் இதற்குள்ளும் இருக்கிறது. விலை சுமார் 1,800 யூரோ என்பதால், நடுத்தரக் குடும்பத்துக்கு இன்னும் எட்டாக்கனி.

ஸ்வரங்களின் இடத்தையே நகர்த்திக்கொள்ளும் ‘மைக்ரோ டியூனிங்’ வசதியும் இந்தப் பட்டியலில் நிரந்தர உறுப்பினர். கோர்க் நிறுவனம் ‘மோனோலாக்’ என்ற சிறிய சின்தசைசரில் இதைக் கொடுத்தது. பல கருவிகளில் இன்னும் இல்லை. இத்தனைக்கும் இதற்குப் பெரும்பாலும் புதிய பாகம் தேவையில்லை, மென்பொருளில் இடம் ஒதுக்கினாலே போதும்.

வரம் 4: மெனு வேண்டாம், குமிழ் போதும்!

1983-ல் யமஹா ‘டி.எக்ஸ்-7’ உலகையே கலக்கியது. ஆனால், அதில் குமிழ்கள் காணாமல்போய் சின்ன டிஸ்பிளேயும் வரிசையாகப் பட்டன்களும் வந்தன. புதிய ஒலி உருவாக்குவது தலைவலியாக இருந்ததால், பலர் கம்பெனி கொடுத்த ஒலிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ‘ஒரு வேலைக்கு ஒரு குமிழ்’ என்ற கோரிக்கை அதற்குப் பிறகுதான் வலுத்தது. 1995-ல் ஸ்வீடனின் ‘நார்ட் லீட்’ சிவப்பு உடம்பு நிறைய குமிழ்களோடு வந்து ஆறுதல் தந்தது. ஆனாலும், செலவைக் குறைக்க நினைக்கும்போது கம்பெனிகள் முதலில் கை வைப்பது குமிழ்களில்தான்.

வரம் 5: ரிப்பேர் செய்ய முடியணும்!

தஞ்சாவூர் வீணை தலைமுறை தாண்டியும் பேசும். மெட்டு தேய்ந்தால் சரி செய்துகொள்ளலாம். சின்தசைசருக்கு அந்த ஆயுள் கிடைக்க, உள்ளே இருக்கும் சிப் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏ.கே.எம். நிறுவனத்தின் சிப் தொழிற்சாலையில் பிடித்த தீ, உலகெங்கும் ஆடியோ கருவித் தயாரிப்பையே தடுமாற வைத்தது.

நல்ல செய்தியும் உண்டு. 1980-களில் பல புகழ்பெற்ற சின்தசைசர்களின் இதயமாக இருந்த ‘சி.இ.எம்-3340’ சிப், நீண்ட இடைவெளிக்குப் பின் 2016-ல் மறுபடி தயாரிக்கப்பட்டது. செத்துப்போனதாக நினைத்த கருவிகளைப் பிழைக்க வைக்க வழி பிறந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்?

காரணம், ஒரு வெற்றிக் கதைதான். 1983 ஜனவரியில் இதே ‘நாம் ஷோ’வில் வெவ்வேறு கம்பெனிகளின் இரண்டு கீபோர்டுகளை ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் இன்னொன்றும் ஒலித்தது. ‘மிடி’ என்ற பொது மொழி பிறந்தது. போட்டிக் கம்பெனிகளை ஒன்றுசேர்த்த டேவ் ஸ்மித், ககேஹாஷி இருவருக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

ஆனால், அந்த மொழியில் விரலின் வேகத்தையும் அழுத்தத்தையும் 0 முதல் 127 வரையிலான படிகளில்தான் சொல்ல முடியும். விரலுக்கு விரல் தனித்தனியாகச் சுருதியை வளைக்க உதவும் ‘எம்.பி.இ.’ முறை 2018-ல்தான் அதிகாரபூர்வமானது. நுணுக்கமான ‘மிடி 2.0’ வந்தது 2020-ல். நாற்பது ஆண்டுக் கருவிகளோடும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கிறது.

வீட்டுக்கு கீபோர்டு வாங்கப் போகிறீர்களா?

பிள்ளைகளுக்கு முதல் கீபோர்டு வாங்குபவர்கள், ‘எத்தனை நூறு டோன்?’ என்று கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

* மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும், வேகமாக அழுத்தினால் சத்தமாகவும் ஒலிக்கிறதா? ‘டச் சென்சிட்டிவ்’ இல்லாத கீபோர்டில் விரல் பழகாது.
* பிட்ச் பெண்ட் சக்கரம் உண்டா? கர்நாடக இசை கற்கும் பிள்ளைக்கு இது அவசியம்.
* யு.எஸ்.பி. அல்லது மிடி இணைப்பு உண்டா? பின்னாளில் கணினியோடும் போனோடும் இணைக்க உதவும்.
* உள்ளூரில் சர்வீஸ் உண்டா, தனிக் கட்டை உடைந்தால் மாற்றக் கிடைக்குமா?

இந்தியச் சந்தைக்கென்றே யமஹா கொண்டுவந்த பி.எஸ்.ஆர்-ஐ வரிசை கீபோர்டுகளில் தம்பூரா, தபலா ஒலிகள் உண்டு. ஒலி வந்துவிட்டது. கமகத்துக்கான கட்டை, அந்த விலையில் இன்னும் வரவில்லை.

கேட்டால் கிடைக்குமா?

கிடைத்திருக்கிறது. கச்சேரிக்கு தம்பூராவைச் சுமக்கும் கஷ்டத்துக்கு 1979-ல் எலெக்ட்ரானிக் தம்பூரா மூலம் விடை கண்டவர், பெங்களூரைச் சேர்ந்த ஜி.ராஜ் நாராயண். அவர் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. அந்தக் கருவி எத்தனை கட்டை சுருதி, பஞ்சமமா மத்யமமா என்று பாடுபவர் கேட்பதைக் கொடுத்தது. காரணம், அதைச் செய்தவருக்குப் பாட்டும் தெரியும், சர்க்யூட்டும் தெரியும்.

இன்று எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டே பாட்டு வகுப்புக்கும் போகும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறார்கள். எளிய விலையில், தோடியின் காந்தாரத்தை ஒற்றை விரலில் அசைக்கும் கீபோர்டு அவர்களில் ஒருவரிடமிருந்து வந்தால் ஆச்சர்யப்படுவதற்கில்லை!