ஐரிஷ் வம்சாவளியும் மாதா கோயில் ஏடுகளும்

1922ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில், டப்ளின் நகரத்து நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானபோது, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த உயில்களும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஜனத்தொகைக் கணக்குகளிற் பெரும்பாலானவையும், பிராட்டஸ்டண்டு திருச்சபையார் பாதுகாப்புக்கென்றே ஒப்படைத்திருந்த பதிவேடுகள் பலவும் சாம்பலாயின. பஞ்சத்துக்கு அஞ்சிக் கப்பலேறியவர்களின் சந்ததியார் தம் பூர்விகத்தைத் தேடுகையில் முதலில் எதிர்ப்படுவது இந்தப் பேரிழப்பே.

ஆயினும் கத்தோலிக்கரின் ஏடுகள் அந்தந்தப் பங்குக் கோயிலிலேயே தங்கியிருந்தமையால் தப்பின. இதனைப் பெரும் பாக்கியமென்றே சொல்லவேண்டும். பல இடங்களில் லத்தீன் பாஷையில் எழுதப்பட்ட அவ்வேடுகளில், ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் பெயரோடு பெற்றோர் பெயரும், பெரும்பாலும் தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயரும், ஞானப்பெற்றோர் பெயரும் காணப்படும். ஞானப்பெற்றோர் பலரும் உறவினராகவே இருந்தமையால், ஒரு கிளையைப் பற்றினவர்க்கு மறுகிளையும் புலப்படும்.

சர்க்கார் பதிவு, கத்தோலிக்கரல்லாதாரின் விவாகங்களுக்கு மட்டும் 1845இலும், எல்லாரின் ஜனன மரண விவாகங்களுக்கும் 1864இலும் ஏற்பட்டது. காலங்கடந்து பதிந்தால் அபராதம் உண்டாதலால், பிறந்த தேதியைத் தள்ளிச் சொன்ன பெற்றோரும் இருந்தனர். எனவே, பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றதாய்த் தோன்றும் குழந்தையைக் கண்டு மயங்காமல், கோயில் ஏட்டையே நம்புவது தகும். 1901, 1911ஆம் ஆண்டுகளின் ஜனத்தொகைக் கணக்குகள் கிடைப்பதால், அவற்றிலிருந்து பின்னோக்கிச் செல்லலாம். ஆனால் பங்கின் பெயர் தெரியாவிடில் எந்த ஏட்டைப் புரட்டுவது? ஆகையால், குடியேறிய நாட்டுக் கல்லறைக் கற்களையும் பழங்கடிதங்களையும் முதலிற் பார்த்துவிடுவதே முறை.