புதுச்சேரியை எழுதிய நாவல்கள்

வரலாற்று நாவல் என்றால் அரசரும் இளவரசியரும் ஒற்றரும் உலவும் சோழர், பல்லவர் காலக் கதை என்ற எண்ணம் கல்கிக்குப் பிறகு தமிழில் நெடுங்காலம் நிலைத்திருக்க, அதிலிருந்து விலகி, ஒரு துறைமுக நகரத்தின் வணிகரையும் தேவதாசியரையும் எளிய குடிகளையும் கதையின் நடுவே நிறுத்தியவர் பிரபஞ்சன் (1945–2018). புதுச்சேரியில் பிறந்த அவர் எழுதிய 'மானுடம் வெல்லும்', அதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' ஆகிய இரு நாவல்களும் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புதுச்சேரியைக் களமாகக் கொண்டவை. பின்னதற்கு 1995ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இவற்றுக்கு அடித்தளம் ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) நாட்குறிப்பு. ஐரோப்பியருக்கும் உள்ளூராருக்கும் இடையே மொழிபெயர்த்து, வணிகம் பேசி, அரசியல் தூதும் நடத்தியவரை அக்காலத்தில் துபாஷி என்றனர். இரு மொழி அறிந்தவர் என்பது அதன் பொருள். ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கிய பிள்ளை, துறைமுகத்துக்கு வந்த கப்பல்களையும் ஆளுநர் மாளிகைப் பேச்சுகளையும் நகரத்து வழக்குகளையும் 1736 முதல் ஏறத்தாழ இறுதிக்காலம் வரை பேச்சுத் தமிழுக்கு நெருக்கமான நடையில் எழுதிவைத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை வெளியிட்ட அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதிகள்.

எனினும் அது செல்வாக்கு மிக்க ஒருவரின் பார்வை. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நாள்களில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பிள்ளை வேதனையோடு பதிவுசெய்கிறார். ஆனால் அந்நாள்களில் உலை வைக்க அரிசியின்றித் தவித்த வீடுகளுக்குள் அவருடைய எழுத்தாணி நுழைந்திருக்க வழியில்லை. நாவலாசிரியரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஆவணத்தில் ஒரு வரியாக வந்து மறைபவருக்கு வீடும் பசியும் சொந்தக் குரலும் தந்ததே பிரபஞ்சனின் பெரும் பங்களிப்பு என்று சொல்வது மிகையாகாது.

இக்கதை கடற்கரையோடு முடிவதன்று. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்று நடத்திய கருநாடகப் போர்களில், இன்று பீங்கான் நகரம் எனப்படும் விருத்தாசலமும் சிக்கியது. உயர்ந்த மதில் சூழ்ந்த அவ்வூர்க் கோயில் கோட்டையாகப் பயன்பட்டது, 1751இல் பாளையக்காரர் ஒருவரின் படை அதைச் சூழ்ந்துகொண்டபோது மீட்க வந்தவர்களுள் ராபர்ட் கிளைவும் இருந்தார். ஆகவே விருத்தாசலத்தின் மணிமுத்தாற்றங்கரை வாசகருக்குப் பிரபஞ்சனின் நாவல்கள் அயலூர்க் கதையல்ல. ஆளுநர் மாளிகையில் எடுக்கப்பட்ட முடிவுகளின் சுமையைத் தாங்கிய உள்நாட்டில் அவ்வாசகரின் ஊரும் ஒன்று.

புதுச்சேரி உலக வாசகரிடம் சென்றது வேறொரு நூலால். கனடா எழுத்தாளர் யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' (2001) அந்நகரின் தாவரவியல் பூங்காவில் கற்பனையான விலங்குக்காட்சிச் சாலை ஒன்றை அமைத்துக்கொண்டு தொடங்குகிறது. கதை விரைவில் நடுக்கடலுக்குப் போய்விடுவதால் நகரம் அதில் ஒரு வாசல் மட்டுமே.

கடலைக் கடந்தவர்களை ஊரின் மக்களாகவே எழுதிக் காட்டியது, பிரான்சில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணாவின் 'நீலக்கடல்'. 1735இல் மொரீஷியஸ் தீவின் ஆளுநராகப் பொறுப்பேற்ற லா பூர்தொனே, அங்கு துறைமுகமும் பண்டகசாலைகளும் கட்டுவதற்குக் கைவினைஞர்களைப் புதுச்சேரியிலிருந்து வரவழைத்தார். 1834க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச்செல்லப்பட்டவர்களைப் பற்றித் தமிழர் ஓரளவு அறிவர். அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே கப்பலேறிய இந்தக் கொத்தர்களும் தச்சர்களும் பேச்சில் அரிதாகவே வருவர், அத்தீவின் போர்ட் லூயி நகரின் பழைய கற்சுவர்களில் அவர்களுடைய கைவேலை கலந்திருந்தபோதிலும்.