ஏட்டிலிருந்து திரைக்கு: ஒரு யப்பானியத் தாயின் கதை

சித்திரக் கதை என்றதும் அது சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எம்மிற் பலரின் வழக்கம். யப்பானியர் அவ்வாறு எண்ணுவதில்லை. ‘மங்கா’ என்று அவர்கள் வழங்கும் சித்திரக் கதைகளுள் சிறுவர்க்குரியனவும் உண்டு. இல்லத்தரசியர்க்கும் அலுவலகத்தார்க்கும் உரியனவும் உண்டு. அவற்றுட் சிறந்தவற்றை நடிகரைக் கொண்டு தொலைக்காட்சி நாடகமாக்குவதும் அங்கு நெடுங்கால வழக்கம். வெறும் வீரதீரக் கதையாயின், சற்று மாற்றி அமைப்பதாற் பெருங் கேடு விளையாது. ஆனால், எம்மிடையே வாழும் மனிதரின் துன்பத்தைப் பேசும் கதையாயின் எதனை மாற்றலாம்? எதனை மாற்றலாகாது? ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

தொபே கேய்கோ என்னும் பெண் ஓவியர் 2000ஆம் ஆண்டில், மணமான பெண்களுக்குரிய இதழொன்றில் ஒரு தொடர்கதையைத் தொடங்கினார். ‘ஒளியுடன் சேர்ந்து’ என்பது அதன் தலைப்பின் பொருள். சச்சிகோ என்னும் இளந்தாய்க்குக் கதிரவன் எழும் வேளையில் ஆண் மகவு பிறக்கிறது. ஒளி எனப் பொருள்படும் ஹிகாரு என்ற பெயரைப் பெற்றோர் சூட்டி மகிழ்கின்றனர். ஆயினும் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தாய் அணைத்தால் குழந்தை திமிறுகிறது; பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. செவிப்புலன் இல்லையோ என ஐயுற்றுச் சோதித்த பின்னரே குழந்தைக்கு ஓட்டிசம் என்பது தெரியவருகிறது.

இந்நிலையைக் குறிக்கும் யப்பானியச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் ‘தன்னை மூடிக்கொள்ளும் நோய்’ என்று பொருள் தரும். சொல்லே மயக்கத்தை விளைவித்தது. பிள்ளை தன்னை மூடிக்கொண்டான் எனின், அவ்வாறு மூடச் செய்தவர் யார் என்ற கேள்வி எழுமன்றோ? பழி தாயின் தலையில் வந்து விழுந்தது. கதையில் மாமியாரும் மருமகளின் வளர்ப்பையே குறை கூறுகிறார். கணவரோ அலுவலக வேலையில் மூழ்கிக் கிடக்கிறார். மேல்நாடுகளிலும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று மருத்துவர் சிலர் எழுதியதுண்டு. 1960கள் தொடக்கம் ஆராய்ச்சியாளர் அதனை மறுத்தனர். ஓட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. வளர்ப்பின் பிழை அன்று. தமிழில் இன்று வழங்கும் ‘மதியிறுக்கம்’ என்ற சொல்லும் இத்தகைய மயக்கத்துக்கு இடந்தரக்கூடியதே.

இக்கதையை 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் யூன் வரை, நிப்பொன் தொலைக்காட்சி 11 வாரத் தொடராக ஒளிபரப்பியது. சினொஹாரா ரியோகோ தாயாக நடித்தார். அதே ஆண்டில் யப்பானிய அரசின் ஊடகக் கலை விழாவில் மூலக்கதை பரிசும் பெற்றது.

ஏட்டிலிருந்து திரைக்கு வரும்போது இடர்கள் சில எதிர்ப்படுகின்றன. முதலாவது, காலம். ஹிகாரு பிறந்து, பள்ளி சென்று, வளரும் பல்லாண்டுகளை மூலக்கதை ஆறுதலாகச் சொல்லிச் செல்கிறது. பதினொரு வாரத்தில் அத்தனையையும் அடக்க இயலாது. ஆகவே சிலவற்றைத் தேர்ந்து, சிலவற்றை விடுதல் வேண்டும்.

இரண்டாவது, விளக்கம். ஏட்டில் ஓவியர் ஒரு கட்டத்தை நிறுத்தி, பிள்ளைக்கு ஒலி எவ்வாறு கேட்கிறது, நாளின் ஒழுங்கு திடீரென மாறினால் அவன் ஏன் கலங்குகிறான், சொல்லாற் புரியாததைப் படஅட்டை எவ்வாறு புரியவைக்கிறது என்று தீட்டிக் காட்டலாம். வாசகரும் விரும்பினாற் பின்னே புரட்டிப் பார்க்கலாம். நாடகமோ ஓடும் ஆறு, பார்ப்பவருக்காக நில்லாது. எனவே விளக்கவேண்டியதை ஒரு பாத்திரத்தின் வாயிலாகவே விளக்கவேண்டும். கோபயாஷி சதோமி நடித்த ஆசிரியை பாத்திரம் இத்தொடரில் அப்பணிக்குப் பொருந்தியது.

மூன்றாவது, நடிப்பு. கோட்டோவியத்தில் வரும் பிள்ளை எவரையும் போலிசெய்வதில்லை. திரையிலோ, உயிருள்ள ஒரு சிறுவன் வேறொரு சிறுவனின் இயல்பை நடித்துக் காட்டுகிறான். சற்றே மிகையாயினும் மறுநாள் பள்ளி முற்றத்தில் அது கேலிப்பொருளாகிவிடும்.

நான்காவதே மிகக் கொடிது. அதுதான் கண்ணீர் வரவழைக்கும் ஆசை. இறுதி வாரத்தில் பிள்ளை ‘குணமாகிவிட்டான்’ என்றோ, அவனிடத்தில் ஓர் அதிசயத் திறமை மறைந்திருந்தது என்றோ காட்டிவிட்டால் பார்ப்போர் மனம் குளிரும். ஆனால், அத்தகைய பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் தாய் அன்றிரவு என்ன நினைப்பாள்? தன் பிள்ளைக்கு மட்டும் அற்புதம் ஏன் நிகழவில்லை என்று தன்னையே மீண்டும் நொந்துகொள்ளமாட்டாளா? தொபே அம்மையார் அற்புதம் எதனையும் வாக்களிக்கவில்லை. மகன் வளர்ந்து, மலர்ந்த முகத்துடன் வேலைக்குப் போகும் மனிதனாகவேண்டும் என்பதே அவர் படைத்த பெற்றோரின் வேண்டுதல். மாறவேண்டியவர்கள் தந்தையும் மாமியாரும் அயலாருமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆகவே நாம் காணும் முடிவு இது: நிகழ்ச்சிகளின் வரிசையை மாற்றலாம்; துணைப்பாத்திரங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். துன்பத்தின் உண்மைக் காரணத்தையும், அதனோடு வாழ்வோரின் மதிப்பையும் மாற்றலாகாது.

இவ்வெல்லையை வகுக்கும் பொறுப்பில் மூல ஆசிரியருக்குரிய இடம் யாது? யப்பான் அண்மையில் இக்கேள்வியால் உலுக்கப்பட்டது. ஆஷிஹாரா ஹினாகோ என்பவர், நாற்பது வயதடைந்த தனக்கா என்னும் அலுவலகப் பெண் தன் மதிப்பைத் தானே கண்டுகொள்ளும் கதையொன்றை எழுதிவந்தார். அது 2023இல் நாடகமாகியது. கதை இன்னும் முடியாமையால், மூலத்துக்கு இணங்க நடப்பதென்பதை அவர் தொடக்கத்திலேயே நிபந்தனையாக்கியிருந்தார். ஆயினும் எழுத்துப்படிகளில் மாற்றங்கள் புகுந்தன; இறுதி இரு பகுதிகளை அவரே எழுத நேர்ந்தது. 2024 சனவரியில் இவ்விவரங்களை வெளியிட்ட சில நாட்களில் அவர் மறைந்தார். தொலைக்காட்சி நிலையமும் பதிப்பகமும் அவ்வாண்டிலேயே விசாரணை அறிக்கைகளை வெளியிட்டன. எழுத்தாளரின் சொல் இடையில் நின்றவர்களைக் கடந்து நாடகம் எழுதுவோரை உரியவாறு சென்றடையாமை பெருங் குறையாகப் பேசப்பட்டது.

தொபே அம்மையாரும் இன்று இல்லை. தம் கதையை முடிக்காமலே 2010 சனவரியிற் காலமானார். ஹிகாருவின் வருங்காலம் எழுதப்படாமலே நின்றுவிட்டது. அத்தகைய பிள்ளைகள் பலரின் வருங்காலமும் அவ்வாறே பிறர் கையில் நிற்கிறது.

இக்கதையை வாசித்தபோது எமது பழைய வகுப்பறை ஒன்று நினைவுக்கு வந்தது. மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கடியிற் குனியும் மாணவன் ஒருவன் அங்கிருந்தான். அதனைக் குறும்பு என்றே நாம் கொண்டோம். வகுப்புக்கு வெளியே நிறுத்தியதும் உண்டு. வெளியே மணி இன்னும் அருகில் இருந்தது. அவன் தாய் ஒருநாள் வந்து, எம்மிடம் மன்னிப்புக் கேட்டுச் சென்றார். மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டியவர் அவர் அல்லர் என்பதை உணர எமக்குப் பல்லாண்டுகளும், கடல் கடந்த ஒரு சித்திரக் கதையும் வேண்டியிருந்தன.